நமக்கென ஒரு நாழிகை

பள்ளி என்னும் சொல்லுக்குப் பழந்தமிழிலே படுக்கை என்றும், தங்கி இளைப்பாறும் இடம் என்றும் பொருள் உண்டு. பள்ளியறை, பள்ளிகொள்ளுதல், திருப்பள்ளியெழுச்சி என்னும் வழக்குகள் அப்பொருளை இன்றும் தாங்கி நிற்கின்றன. பாண்டி நாட்டுக் குன்றுகளிலே சமண முனிவர் பாறையிற் செதுக்கிய படுக்கைகளோடு தங்கியிருந்த இடங்கள் பள்ளி எனப்பட்டன. கல்வி பயிலும் இடத்திற்கும் பின்னர் அப்பெயரே வழங்கலாயிற்று. மேல்நாட்டிலும் இதுவே நிகழ்ந்துள்ளது. ‘ஸ்கூல்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு மூலமாகிய கிரேக்கச் சொல் ஓய்வு என்னும் பொருளுடையது. ஒன்றையொன்று அறியாத இரண்டு மொழிகள், கல்வியையும் இளைப்பாறுதலையும் ஒரே கூரையின்கீழ் வைத்திருக்கின்றன.

அக்கூரையின்கீழ் இன்று வாழும் நம்மிடத்திலே அந்த ஓய்வு எங்கே இருக்கின்றது? நம் கலாசாலையின் நிழற்பாதைகளில் யாரைக் கண்டு நலம் விசாரித்தாலும், “நேரமே இல்லை” என்பதே முதல் விடையாக வருகின்றது. மாணவர் பரீட்சையைக் காட்டுகின்றனர். ஆசிரியர் திருத்தவேண்டிய விடைத்தாள்களைக் காட்டுகின்றனர். ஆண்டுவிழாவிற்கு வரும் பழைய மாணவரோ, வந்தவுடனே திரும்புவதற்குக் கடிகாரத்தைப் பார்க்கின்றனர். நேரமின்மை ஒரு குறையாக இருந்த காலம் போய், ஒரு பெருமையாகவே பேசப்படும் காலம் வந்துவிட்டது. ஓய்வாயிருக்கிறேன் என்று சொல்ல நாணுகின்றோம். இந்நாணம் தவறானது என்பதும், நாள்தோறும் நமக்கென ஒரு சிறு பொழுதை ஒதுக்கிக்கொள்வது கற்பாருக்கும் கற்பிப்பாருக்கும் உரிய கடமைகளுள் ஒன்று என்பதுமே இக்கட்டுரையின் கருத்தாகும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நம் முன்னோர் ஒரு நாளை அறுபது நாழிகையாகப் பகுத்தனர். ஒரு நாழிகைக்கு 24 நிமிஷம். உறக்கத்திற்கு 20 நாழிகை, அதாவது 8 மணி நேரம், தாராளமாகவே கொடுப்போம். வகுப்புக்களுக்கு 15 நாழிகை. எஞ்சி நிற்பன 25. குளியலும் உணவும் போக்குவரவும் தனிப்படிப்பும் அவற்றுள் 24-ஐ விழுங்கினும், ஒன்று மிஞ்சுகின்றது. அந்த ஒன்றைத்தான் நாம் காணோம் என்கின்றோம். அறுபதில் ஒன்று நமக்குக் கிடையாது என்பவர், அது யாரிடத்திற் சென்றது என்று ஒரு வாரம் தம் பொழுதை எழுதிப் பார்ப்பாராக. பெரும்பாலோர் கணக்கில் அந்நாழிகை கைப்பேசியின் பற்றில் எழுதப்பட்டிருக்கும். ஒன்றாக இராது, ஐந்தாகவோ ஆறாகவோ இருக்கும்.

கைப்பேசியை இகழ்வது எம் நோக்கமன்று. தொலைவிலுள்ள தாயின் முகத்தைக் காட்டுவதும், நள்ளிரவில் நூல்நிலையத்தைத் திறப்பதும் அக்கருவியே. ஆயினும், அதனிடம் சென்ற பொழுது நாம் எடுத்துக்கொண்ட ஓய்வா, நம்மிடமிருந்து எடுக்கப்பட்ட பொழுதா என்று கேட்டறிதல் வேண்டும். ஓய்ந்தபின் மனம் தெளிந்திருக்குமாயின் அஃது ஓய்வு. கையிலிருந்த கருவியைக் கீழே வைக்கும்போது கண் எரிந்து, மனம் கலங்கி, பிறருடைய வாழ்வோடு நம் வாழ்வை ஒப்பிட்ட கசப்பு மட்டும் எஞ்சுமாயின், அதற்கு ஓய்வு என்று பெயரிடுதல் பொருந்தாது. சோம்பலுக்கும் ஓய்வுக்கும் உள்ள வேற்றுமையும் இதுவே. சோம்பலில் பொழுது நம்மைக் கடந்து செல்கின்றது. ஓய்வில் நாம் அப்பொழுதினுள்ளே இருக்கின்றோம்.

ஓய்வை நாடுதல் தன்னலம் என்று எண்ணுவாரும் உளர். அவர்கள் சற்றே வரலாற்றைத் திருப்பிப் பார்த்தல் நலம். இங்கிலாந்தின் ஆலைகளிலே சிறுவரும் விடியல் முதல் இரவுவரை உழைத்த காலத்தில், ராபர்ட் ஓவன் என்னும் ஆலை முதலாளியே 1817-ஆம் ஆண்டில், நாளை மூன்றாக வகுத்து, உழைப்பிற்கு 8 மணி, பொழுதுபோக்கிற்கு 8 மணி, இளைப்பாறலுக்கு 8 மணி என்று வேண்டினார். அவ்வேண்டுகோள் உலக உடன்படிக்கையாக உருப்பெற ஒரு நூற்றாண்டு பிடித்தது. 1919-இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழில் மகாநாடு தொழிற்சாலைகளில் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என்று விதித்தது. அப்போதும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு வாரம் 60 மணி என்று தனி விலக்கு அளிக்கப்பட்டது. அவ்வுரிமைப் போரின் நினைவு நாளாகிய மே தினத்தை 1923-இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையிலே கொண்டாடினார்; இந்தியாவில் அதுவே முதல் மே தினம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் நம் நாட்டிலும் வாரம் 48 மணி என்னும் எல்லையை வகுத்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் சபை வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 24-ஆம் பிரிவு, ஓய்வும் ஒழிவும் பெறுதல் ஒவ்வொருவருக்கும் உள்ள உரிமை என்று கூறுகின்றது. எத்தனையோ தொழிலாளர் வேலையிழந்தும் சிறைபுகுந்தும் பெற்றுத்தந்த இச்செல்வத்தை, நாம் கேட்பாரற்றுத் தெருவிலே வீசுவது முறையாகுமா?

இனி, வேலை மிகுந்தோர்க்கு இஃது இயலுமா என்பதைக் காண்போம். சர். சி. வி. ராமன் 1907-ஆம் ஆண்டில் தம் பதினெட்டாம் வயதில் கல்கத்தாவிலே நிதியிலாகா உத்தியோகஸ்தராய்ச் சேர்ந்தார். பொறுப்பு மிக்க வேலை அது. ஆயினும் அந்நகரிலிருந்த விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தின் ஆராய்ச்சிச் சாலையைக் கண்டு, அலுவலகம் திறப்பதற்கு முன்னும் மூடிய பின்னும் அங்கே சென்று, தாம் விரும்பிய ஒலியியலையும் ஒளியியலையும் ஆராய்ந்தார். இடையே ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றலாகியும், 1917-இல் பேராசிரியர் பதவியை ஏற்கும்வரை இப்பழக்கத்தை அவர் கைவிடவில்லை. அவருக்கும் நாள் ஒன்றுக்கு அறுபது நாழிகையே. மாயூரம் வேதநாயகம் பிள்ளையவர்கள் முன்சீப் உத்தியோகத்தின் நடுவே செய்யுள் இயற்றினார். ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879-இல் அவர் பெயரால் வெளிவந்தது. தஞ்சையில் மருத்துவத் தொழில் நடத்திய ஆபிரகாம் பண்டிதர், இசையை ஆராய்ந்து ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலை 1917-இல் வெளியிட்டார். இவர்களுள் எவருக்கும் ஓய்வு தானாக வந்து வாயிற்கதவைத் தட்டவில்லை.

இவற்றிற்கு எதிரான ஒரு சான்றும் உண்டு. அது நம் உள்ளத்தை மிகவும் உறுத்துவது. உயிர்களின் தோற்றத்தை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்ற சார்ல்ஸ் டார்வின், 1876-இல் தம் பிள்ளைகளுக்கென எழுதிய வாழ்க்கைக் குறிப்பில் ஓர் இழப்பைக் கூறி வருந்துகின்றார். முப்பது வயது வரையில், அதற்குச் சற்றுப் பின்னுங்கூட, அவருக்குக் கவிதையில் பேரின்பம் இருந்தது. ஓவியத்திலும் இசையிலும் மகிழ்ச்சி இருந்தது. முதுமையிலோ ஒரு வரிச் செய்யுளும் அவருக்குப் பொறுக்கவில்லை. ஷேக்ஸ்பியரை எடுத்துப் பார்த்தும் சலிப்பே மிகுந்தது. தம் மனம் செய்திகளை அரைத்து விதிகளைப் பிழியும் ஓர் இயந்திரம்போல் ஆகிவிட்டதென்றும், மறுபடியும் வாழ நேருமாயின் வாரத்திற்கு ஒரு முறையேனும் சிறிது கவிதை படிக்கவும் இசை கேட்கவும் விதி செய்துகொள்ளக் கூடுமென்றும், அச்சுவைகளின் இழப்பு இன்பத்தின் இழப்பே என்றும் அவர் கருதினார். தம் தொழிலில் ஒரு குறைவுமின்றி வென்ற பெரியார் ஒருவர் கண்ட இழப்பு இது. தொழிலில் தோற்றவர் கூறியிருந்தால் நாம் ஒதுக்கிவிடலாம். வென்றவர் கூறியதை ஒதுக்க இயலவில்லை.

டார்வினின் குறிப்பைப் படித்தபோது எமக்கு எம் குழல் நினைவுக்கு வந்தது. இளமையில் எமக்குப் புல்லாங்குழல் வாசிக்கும் பழக்கம் இருந்தது. ஊரிலே ஒரு பெரியவர் மாலைதோறும் தம் திண்ணையில் உட்கார்த்திப் பணம் ஏதும் வாங்காமல் கற்பித்தார். பட்டப் பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கையில், “பரீட்சை முடியட்டும்” என்று குழலைத் துணியிற் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தோம். பரீட்சை முடிந்தது, மேற்படிப்பு வந்தது. அது முடிந்தது, உத்தியோகம் வந்தது. பின்னர்க் குடும்பம் வந்தது. பதினாறு ஆண்டுகள் சென்று ஒரு நாள், வேறெதையோ தேடப் பெட்டியைத் திறந்தபோது, எண்ணெய் காணாத மூங்கில் நெடுகப் பிளந்து கிடந்தது. புதுக் குழல் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைத்தது. கற்பித்த பெரியவர் மட்டும் அப்போது உலகில் இல்லை. அப்பதினாறு ஆண்டுகளில் ஒரு நாளேனும் ஒரு நாழிகை கிடைக்காமற் போயிற்றா என்று எம்மையே கேட்டுக்கொண்டோம். நாணமே விடையாயிற்று. இப்போது விடியலில் ஒரு நாழிகை வாசிக்கின்றோம். வாசிப்பு நன்றாக இல்லை என்பதை அறிவோம்; அண்டை வீட்டார் பொறுமைசாலிகள். ஆயினும் அந்நாழிகைக்குப்பின் வகுப்பறையுட் புகும் ஆசிரியர், முன்பு புகுந்தவரைவிடச் சிறிது பொறுமையுடையவர் என்று எம் மாணவரே சாட்சி கூறக்கூடும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டியிருக்கின்றது. ராமனையும் பண்டிதரையும் சுட்டினோம் அன்றோ? அதனால், விருப்பத்தொழில் என்பது பின்னொரு நாளில் புகழாகவோ பொருளாகவோ விளையவேண்டியது என்று மாணவர் கருதிவிடலாகாது. அக்கருத்தே இக்காலத்தின் பெரிய நோய் என்போம். ஒரு சிறுமி படம் எழுதினால், “போட்டிக்கு அனுப்பு” என்கின்றோம்; ஒரு மாணவன் செடி வளர்த்தால், “இதற்குச் சான்றிதழ் உண்டா?” என்கின்றோம், நண்பர் இருவர் மலையேறினால், மலையைக் காண்பதற்கு முன் அதனைப் படம்பிடித்து ஊரார்க்குக் காட்டுகின்றனர். மதிப்பெண்ணிலிருந்து தப்பி ஓடிய மனம், ஓடிய இடத்திலும் மதிப்பெண்ணையே எதிர்கொள்கின்றது. பின்பு அதற்கு இளைப்பாற இடமேது?

திருநெல்வேலியிலே ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரவர்கள் தம் இல்லத்தின் வட்டத்தொட்டியில் நண்பரைக் கூட்டிக் கவிதையைப் படித்தும் சொல்லியும் மகிழ்ந்தார். அங்கே பரிசு இல்லை, பட்டம் இல்லை, வந்தவர் ஒரு பாட்டின் சுவையை நெஞ்சிலே தாங்கி வீடு திரும்பினர். அவர் மறைந்தது 1954-இல். அவ்வட்டத்தொட்டியைத் தமிழ்நாடு இன்னும் நினைவிற் கொண்டிருக்கின்றது. பயன் கருதாமல் செய்வதே விருப்பத்தொழிலின் உயிர். நன்றாகச் செய்யத் தெரியாத ஒன்றை, யாரும் காணாத இடத்தில், மனமகிழ்ச்சிக்காகவே செய்யும் உரிமையை நாம் காத்துக்கொள்ளவேண்டும்.

மனத்தைக் கூறிய நாம் தேகத்தை மறத்தல் கூடாது. சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும் என்பது நாம் எல்லாரும் சொல்லும் பழமொழி. சுவரைப் பேணுவோர் சிலரே. வயது வந்தோர்க்கு நாள்தோறும் 7 மணிக்குக் குறையாத உறக்கம் வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவ வல்லுநர் 2015-இல் வற்புறுத்தினர். கற்றவை நினைவிற் பதிவதற்கு உறக்கம் துணையாகின்றது என்பதும் ஆராய்ந்து கண்ட உண்மை. ஆதலின், பரீட்சைக்கு முன்னிரவில் கண்விழித்துப் படிப்பவன், ஒரு கையால் விதைத்து மறு கையால் கெல்லுகின்றான். வாரத்திற்கு 150 நிமிஷமேனும் மிதமான தேகப்பயிற்சி வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறி. நாள் ஒரு நாழிகை விரைந்து நடப்பவர்க்கு வாரத்தில் 168 நிமிஷம் கிடைத்துவிடும். அந்நிறுவனமும் சர்வதேசத் தொழில் நிறுவனமும் 2021-இல் வெளியிட்ட கணக்கோ நம்மை நடுங்கச் செய்வது. வாரத்திற்கு 55 மணியோ அதற்கு மேலோ வேலை செய்ததன் விளைவாகிய மூளைத்தாக்கினாலும் இருதய நோயினாலும் 2016-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 7,45,000 பேர் உலகெங்கும் இறந்தனர் என்று அது கூறுகின்றது. ஓய்வை மறுக்கும் பெருமைக்கு இவ்வளவு விலை.

“இவையெல்லாம் வசதியுள்ளோர்க்கு உரியவை, காலையிலே பத்திரிகை போட்டும், மாலையிலே கடையில் நின்றும் படிக்கும் எங்களுக்கு இவை எதற்கு?” என்று சில மாணவர் கேட்கக்கூடும். அவர்கள் கேள்வி நியாயமானது; அதனை மறுத்துப் பேச நாம் துணியோம். அத்தகையோர்க்கு அறிவுரை கூறுவதினும், நிறைந்த உபகாரச் சம்பளம் கொடுப்பதே பழைய மாணவராகிய நம்மனோர் கடமை. எனினும், பேருந்தின் சன்னலோரத்தில் அமர்ந்து மனத்துள் ஒரு பாட்டை உருப்போடுவதற்கோ, நம் கலாசாலை வேம்புகளில் வந்தமரும் மாங்குயிலையும் கரிச்சானையும் நின்று நோக்குவதற்கோ பொருள் வேண்டுவதில்லை. நாழிகை முழுதும் கிடையாதார் அரை நாழிகையேனும் தமக்கென வைத்துக்கொள்ளட்டும்.

மற்றொரு கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஆதலால் நாமே கேட்போம். நமக்குக் கிடைக்கும் ஓய்வு யாருடைய கையிலிருந்து வருகின்றது? இந்திய அரசாங்கம் 2019-இல் நடத்திய காலப்பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபட்டோருள் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிஷமும், ஆண்கள் 97 நிமிஷமும் செலவிட்டனர். நாழிகைக் கணக்கில் பெண்ணுக்குப் பன்னிரண்டரை, ஆணுக்கு நான்கு. எம் அன்னையார்க்கு இனிய குரல் இருந்தது. அவர் பாடி யாம் கேட்டதெல்லாம் ஆட்டுக்கல்லின் ஓசைக்கு நடுவிலேதான். “சற்று அமர்ந்து பாடுங்கள், மாவை நான் ஆட்டுகிறேன்” என்று ஒரு நாளும் எம் நாவில் எழவில்லை. யாம் திண்ணையிற் குழல் பயின்ற மாலைகள் எல்லாம் அவருடைய அடுப்பங்கரை மாலைகள் அன்றோ? அக்குழல் பிளந்ததற்கு வருந்தியதைவிட இதற்கே இன்று மிகுதியும் வருந்துகின்றோம். ஆகவே, தமக்கென ஒரு நாழிகை தேடும் மாணவர், தம் இல்லத்திலே தாய்க்கும் தமக்கைக்கும் ஒரு நாழிகையை முதலில் விடுவித்துக் கொடுக்கட்டும். பிறரிடமிருந்து பறித்த ஓய்வில் மனம் இளைப்பாறாது.

செய்யவேண்டுவது யாது? எம் கருத்தில் தோன்றும் சிலவற்றைக் கூறி முடிக்கின்றோம். கால அட்டவணை எழுதும்போது, பாடங்களுக்குக் கட்டம் வரைவதுபோல் அந்த ஒரு நாழிகைக்கும் ஒரு கட்டம் வரைக. மிஞ்சினால் எடுப்போம் என்று விட்டது ஒருநாளும் மிஞ்சுவதில்லை. அந்நாழிகையில் கைப்பேசியை வேறோர் அறையில் வைக்க. பல தொழில்களைத் தொட்டுப் பாராமல் ஒன்றையே ஓராண்டு கைக்கொள்க. அது தோட்டமாகலாம், தையலாகலாம், வீணையாகலாம், கடிதம் எழுதுதலாகலாம், ஒன்றுஞ் செய்யாமல் மரத்தடியில் அமர்ந்திருத்தலுமாகலாம். மார்ச்சு மாதத்தில் பரீட்சை நெருங்கும்போது அக்கட்டத்தை அழிக்க மனம் வரும். அழியாதிருக்க, அதற்கென்றே வரைந்த கட்டம் அது. ஆசிரியப் பெருமக்களோ, மாணவரைத் தேர்ச்சி விழுக்காட்டோடு மட்டும் விசாரியாமல், “இப்போது என்ன பாடுகின்றாய்? என்ன நட்டிருக்கின்றாய்?” என்றும் கேட்பாராக. விடுதியில் உள்ளோர் மாலையில் ஒரு நாழிகையேனும் சந்தடியின்றி இருக்க ஏற்பாடு செய்வாராக.

இவ்வாண்டு பட்டம் பெற்று வெளியேறும் இளைஞர்க்கு ஒரு வார்த்தை. உங்கள் கட்டிலின்கீழ் உள்ள பெட்டியிலும் ஏதோவொன்று துணியிற் சுற்றிக் கிடக்கக்கூடும். வண்ணப்பெட்டியோ, பந்தோ, பாதி எழுதிய நோட்டோ, யாம் அறியோம். வேலை கிடைத்தபின் எடுக்கலாம் என்று அதனைப் பூட்டாதீர்கள். ஊருக்குப் புறப்படும்போது மூட்டையின் அடியில் வைக்காமல், கைக்கெட்டும் மேற்புறத்தில் வைத்துக் கட்டுங்கள். மூங்கில் காத்திராது, கற்பித்த பெரியவரும் காத்திரார்.